நீங்கள் அனுப்பிய பக்கம் வழியில் மாறினால்?

ஓர் இணையதளத்தைக் கட்டி முடித்து, அதைச் செல்பேசியில் திறந்து பார்க்கிறீர்கள். ஒரு நிறுவனத்தின் சிம்மில் எல்லாம் ஒழுங்காக வருகிறது. சிம்மை மாற்றிப் போட்டால் கதை வேறு. படங்கள் மங்கிவிட்டன, ஒரே பக்கம் நான்கு துண்டாகியிருக்கிறது, மெனுவைக் காணோம், உச்சியில் நீங்கள் வைக்காத ஒரு பட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சர்வரில் கோளாறு எதுவும் இல்லை. செல்பேசியும் நன்றாகத்தான் இருக்கிறது. மிச்சம் இருப்பது நடுவே உள்ள மொபைல் நிறுவனம். பக்கம் அதன் வழியாகக் கடந்து வரும்போது யாரோ அதில் கைவைத்திருக்கிறார்கள்.

இப்படிக் கைவைக்கும் மென்பொருளை டிரான்ஸ்கோடர் என்பார்கள். 2007, 2008 வாக்கில் மொபைல் இணையத்தில் வேலை பார்த்த டெவலப்பர்களுக்கும் மொபைல் நிறுவனங்களுக்கும் இதை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது. இன்று அது ஏறக்குறைய மறந்துபோன விவகாரம். ஆனால் ஒருவர் எழுதிய பக்கத்தை அவரையும் கேட்காமல், படிப்பவரையும் கேட்காமல் நடுவில் நிற்பவர் மாற்றலாமா என்ற கேள்வி அதோடு முடியவில்லை. அது வேறு வேறு வடிவில் திரும்பத் திரும்ப வந்தது. 2015-இல் பெங்களூரிலும் வந்தது.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம். நீங்கள் பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டினால், பிரவுசர் அந்தத் தளத்தின் சர்வருக்கு ஒரு கோரிக்கை அனுப்புகிறது. "இந்தப் பக்கம் வேண்டும்" என்பதோடு சில குறிப்புகளும் அதில் போகும். இவற்றை ஹெடர் என்கிறோம். கண்ணுக்குத் தெரியாத இந்த வரிகளில் ஒன்றுதான் யூசர்-ஏஜென்ட். "நான் இன்ன பிரவுசர், இன்ன கருவியில் ஓடுகிறேன்" என்று பிரவுசர் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் வரி அது. பழைய நோக்கியா என்றால் அந்த வரியிலேயே மாடல் எண் இருக்கும். சர்வர் அதைப் படித்துவிட்டுப் பதிலாகப் பக்கத்தை அனுப்பும். பதிலுக்கும் தனியாக ஹெடர்கள் உண்டு.

கோரிக்கையும் பதிலும் மொபைல் நிறுவனத்தின் வலை வழியாகத்தான் போய்வர வேண்டும். அங்கே நடுவில் ஒரு கணினியை நிறுத்தி, போவதையும் வருவதையும் அதன் கையில் கொடுத்து வாங்க வைக்கலாம். அதற்குப் பெயர் பிராக்ஸி. சாதாரண பிராக்ஸி வாங்கியதை அப்படியே கொடுக்கும். டிரான்ஸ்கோடர் என்பது வாங்கியதை மாற்றிக் கொடுக்கும் பிராக்ஸி.

ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டால், அன்றைய செல்பேசிகளை நினைத்துப் பார்க்க வேண்டும். நோக்கியா 6230-இன் திரை 128-க்கு 128 பிக்சல். 2007-இல் நம் ஊரிலும் நிறையப் பேர் கையில் இருந்த நோக்கியா 6300-க்கு 240-க்கு 320. கணினித் திரைக்காக 800, 1000 பிக்சல் அகலத்தில் கட்டிய பக்கத்தை இதில் எப்படிக் காட்டுவது? நினைவகமும் குறைவு. இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008 ஜூலையில் மொபைல் தளங்களுக்கான நடைமுறைப் பரிந்துரைகளை வெளியிட்டது. கருவியைப் பற்றி எதுவும் தெரியாவிட்டால் திரையின் அகலம் 120 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள், படம் எல்லாம் சேர்த்து ஒரு பக்கம் 20 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது என்றது அது. இன்று வாட்ஸாப்பில் வரும் காலை வணக்கப் படம் ஒன்றே இதைப்போலப் பல மடங்கு இருக்கும்.

ஆகவே அக்கறையுள்ள டெவலப்பர்கள் மொபைலுக்கென்று தனிப் பக்கமே எழுதினார்கள். கோரிக்கை வந்ததும் யூசர்-ஏஜென்ட் வரியைப் பார்ப்பார்கள். இது நோக்கியா, இதன் திரை இவ்வளவு, இந்த வகைப் படத்தைக் காட்டும், இந்த அளவு பக்கத்தைத் தாங்கும் என்று கண்டுபிடித்து அதற்கேற்ற பக்கத்தை அனுப்புவார்கள். நூற்றுக்கணக்கான மாடல்களின் விவரங்களை ஒருவரே திரட்ட முடியாது. அதற்காகப் பலர் கைகோத்து வளர்த்த ஒரு கோப்பு இருந்தது, பெயர் வுர்ஃபல். எந்த மாடலுக்கு என்ன திறன் என்பது முழுக்க அதில் இருக்கும். அதை முன்னின்று நடத்தியவர் இத்தாலியரான லூக்கா பஸ்ஸானி. சண்டையிலும் அவர்தான் முன்னே நின்றார்.

மொபைல் நிறுவனங்களின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். மொபைல் பக்கம் எழுதிய தளங்கள் மிகக் குறைவு. மற்ற தளங்களை வாடிக்கையாளர் திறந்தால் பாதியில் நிற்கும், அல்லது "பக்கம் மிகப் பெரியது" என்று செல்பேசி கைவிரிக்கும். டேட்டாவுக்குக் காசு வாங்கிக்கொண்டு, இணையத்தில் பாதி திறக்காது என்று சொல்ல முடியுமா? நடுவில் ஒரு டிரான்ஸ்கோடரை வைத்தால் எந்தப் பக்கத்தையும் சின்னத் திரைக்கு ஏற்றபடி சுருக்கிவிடலாம். அது பெரிய படங்களைச் சிறிதாக்கும், அகலமான அட்டவணைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும், பக்கத்தை இயங்க வைக்கும் நிரலான ஜாவாஸ்கிரிப்டை உருவி எடுக்கும், நீளப் பக்கத்தைத் துண்டு போட்டு "அடுத்து" என்று ஓர் இணைப்பு வைக்கும். பக்கத்தில் உள்ள இணைப்புகளையும் தன் வழியாகவே வரும்படி மாற்றி எழுதும். அப்போதுதானே அடுத்த பக்கத்தையும் சுருக்க முடியும்.

மொபைல் பக்கமே இல்லாத தளத்துக்கு இது உதவிதான். அதை யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. சிக்கல் எங்கே வெடித்தது என்றால், 2007-இல் பிரிட்டனில், வோடஃபோன் வலையில். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தைச் சேர்ந்த நொவாரா என்ற நிறுவனத்தின் டிரான்ஸ்கோடரை வோடஃபோன் அங்கே நிறுவியது. அது வருகிற பக்கத்தை மட்டும் மாற்றவில்லை, போகிற கோரிக்கையையும் மாற்றியது. செல்பேசியின் யூசர்-ஏஜென்ட் வரியை எடுத்துவிட்டு, கணினிப் பிரவுசர் ஒன்றின் வரியைப் போல ஒன்றை அந்த இடத்தில் வைத்தது. முழுப் பக்கமும் கிடைத்தால்தான் நன்றாகச் சுருக்க முடியும் என்பது அதன் கணக்கு.

தையற்காரரிடம் அளவுச் சட்டை கொடுத்து அனுப்புகிறோம் என்று வையுங்கள். கொண்டுபோகிறவர் வழியில் அதை ஒளித்துவைத்துவிட்டு, "ஆள் ஆறடி உயரம், நல்ல பருமன்" என்று சொல்லித் தைத்து வாங்கி, அப்புறம் தானே கத்தரியை எடுத்து நம் அளவுக்கு வெட்டிக் கொடுக்கிறார். அளவுச் சட்டை கைக்கு வந்திருந்தால் தையற்காரரே கச்சிதமாகத் தைத்திருப்பார். மொபைல் பக்கம் எழுதி வைத்திருந்த டெவலப்பர்களின் கோபம் இதுதான். உழைத்துச் செய்த மொபைல் பக்கம் சர்வரிலேயே கிடக்கிறது, கேட்டு வருவதோ ஒரு கணினி என்று நினைத்து சர்வர் பெரிய பக்கத்தை அனுப்புகிறது, அதை எடுத்து நொவாரா வெட்டித் தள்ளுகிறது. மொபைலில் நன்றாக வர வேண்டும் என்று யார் அதிகம் மெனக்கெட்டார்களோ அவர்களுக்குத்தான் அதிக அடி.

காசு நஷ்டமும் உண்டு. அன்று மொபைல் இணையத்தில் வியாபாரம் என்றால் பெரும்பாலும் ரிங்டோன், வால்பேப்பர், ஜாவா விளையாட்டு. ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனிக் கோப்பு. நோக்கியாவுக்கான விளையாட்டு சோனி எரிக்சனில் ஓடாமல் போகலாம். கேட்டு வருவது எந்த மாடல் என்று தெரியாவிட்டால் எதைக் கொடுப்பது? தவறான கோப்பு போய்ச் சேர்ந்தால் வாடிக்கையாளர் திட்டுவது விற்றவரைத்தான். டிரான்ஸ்கோடர் என்ற ஒன்று நடுவில் இருப்பதே அவருக்குத் தெரியாது.

வோடஃபோன் இதற்கு ஒரு வழி சொன்னது. உங்கள் தளத்தைத் தொட வேண்டாம் என்றால் விண்ணப்பியுங்கள், விலக்குப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறோம் என்றது. இது மேலும் எரிச்சலைக் கிளப்பியது. உலகத்தில் எத்தனை மொபைல் நிறுவனங்கள்! ஒவ்வொன்றாகத் தேடிப்போய், என் பக்கத்தில் கைவைக்காதீர்கள் என்று மனுக் கொடுக்க யாரால் முடியும்? பெரிய நிறுவனங்கள் சமாளித்துவிடும், தனியாளாகத் தளம் நடத்துபவர் என்ன செய்வார்? என்னைக் கேட்டால் இந்த விவகாரம் முழுவதிலும் மிக மோசமான யோசனை இந்தப் பட்டியல்தான். தலைகீழாக இருந்திருக்க வேண்டும். மாற்ற விரும்புகிறவர்தான் அனுமதி கேட்க வேண்டும்.

வெளியே அதிகம் பேசப்படாத தொல்லைகளும் இருந்தன. ஆயிரம் பேர் வந்தாலும் சர்வரின் பதிவேட்டில் ஒரே பிராக்ஸியின் முகவரியும் ஒரே பிரவுசரின் பெயரும்தான் இருக்கும். யார் வருகிறார்கள், எந்தக் கருவியில் வருகிறார்கள் என்ற கணக்கே பொய்யாகிவிடும். சில வலைகளில் பக்கத்தின் உச்சியில் மொபைல் நிறுவனத்தின் பட்டையும் சேர்ந்து வந்தது. நாளைக்கு அங்கே விளம்பரம் வைத்தால் அந்தக் காசு யாருக்கு? என் எழுத்தை மாற்றி வெளியிட உனக்கு உரிமை கொடுத்தது யார் என்று காப்புரிமைக் கேள்வியும் எழுந்தது.

இவற்றையெல்லாம் விட ஆபத்தானது எச்டிடிபிஎஸ் விஷயம். வங்கித் தளம் போன்றவற்றில் செல்பேசிக்கும் சர்வருக்கும் இடையே போவது பூட்டப்பட்ட தகவல். நடுவில் இருப்பவர் அதைப் படிக்க முடியாது, முடியாவிட்டால் மாற்றவும் முடியாது. ஆனால் டிரான்ஸ்கோடர் இணைப்புகளைத் தன் வழியாக வரும்படி மாற்றி எழுதும் என்று சொன்னோமே, அந்த வேலையை எச்டிடிபிஎஸ் இணைப்புகளுக்கும் செய்தால்? செல்பேசியிலிருந்து டிரான்ஸ்கோடர் வரை ஒரு பூட்டு, டிரான்ஸ்கோடரிலிருந்து வங்கி வரை இன்னொரு பூட்டு. நடுவில் டிரான்ஸ்கோடரின் நினைவகத்தில் உங்கள் கடவுச்சொல் பூட்டில்லாமல் கிடக்கும். திரையில் பூட்டுப் படம் தெரியும், நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள்.

இவ்வளவு சண்டைக்கும் ஒரு விடை ஏற்கெனவே தரநிலையில் எழுதியிருந்தது என்பதுதான் வேடிக்கை. இணையப் பக்கங்கள் போய்வரும் முறைதான் எச்டிடிபி. அதன் 1.1 பதிப்பின் 1999-ஆம் ஆண்டு வரையறையில் "நோ-டிரான்ஸ்ஃபார்ம்" என்ற கட்டளை இருக்கிறது. கேஷ்-கன்ட்ரோல் என்ற ஹெடரில் இந்தச் சொல்லைப் போட்டால், நடுவில் இருக்கும் எவரும் உள்ளடக்கத்தை மாற்றக் கூடாது என்று பொருள். ஏன் இது தேவை என்பதற்கு அந்த வரையறை சொல்லும் உதாரணங்களில் ஒன்று மருத்துவப் படங்கள். இடம் மிச்சம் என்று ஒரு எக்ஸ்ரே படத்தை நடுவில் யாரோ சுருக்கிவிட்டால் என்ன ஆகும் என்று அப்போதே யோசித்திருக்கிறார்கள். மாற்றினால் "மாற்றப்பட்டது" என்று தெரிவிக்க 214 என்ற எச்சரிக்கை எண்ணையும் வைத்திருந்தார்கள். மாற்றாதே என்று சொல்ல ஒரு வழி, மாற்றினேன் என்று சொல்ல ஒரு வழி, இரண்டும் தயாராக இருந்தன. இருந்தும் என்ன, டெவலப்பர்களில் பலருக்கு இவை இருப்பதே தெரியாது, டிரான்ஸ்கோடர் விற்றவர்கள் எல்லோரும் இவற்றை மதிக்கவும் இல்லை.

2008-இல் பஸ்ஸானியும் பல டெவலப்பர்களும் சேர்ந்து, பொறுப்போடு மாற்றுவதற்கான விதிகள் என்று ஒரு கோரிக்கை அறிக்கை எழுதினார்கள். டிரான்ஸ்கோடரே கூடாது என்று அது சொல்லவில்லை, இதைக் கவனிக்க வேண்டும். யூசர்-ஏஜென்டைத் தொடாதே, மொபைலுக்கென்றே எழுதிய பக்கத்தைத் தொடாதே, நோ-டிரான்ஸ்ஃபார்மை மதி, எச்டிடிபிஎஸ் பூட்டை உடைக்காதே. அவ்வளவுதான் கேட்டார்கள்.

டபிள்யூ3சி-யிலும் இதற்காகப் பேச்சு நடந்தது. மொபைல் நிறுவனங்களும் டிரான்ஸ்கோடர் விற்பவர்களும் டெவலப்பர்களும் எதிரெதிரே நின்ற விஷயம் என்பதால் இழுத்துக்கொண்டே போய், 2010 அக்டோபரில் வழிகாட்டுதல்கள் வெளிவந்தன. தவிர்க்க முடியாமல் யூசர்-ஏஜென்டை மாற்றினால், அசல் வரியை எக்ஸ்-டிவைஸ்-யூசர்-ஏஜென்ட் என்ற இன்னொரு ஹெடரில் வைத்து அனுப்ப வேண்டும் என்றது அது. மொபைல் பக்கம் என்று அடையாளம் தெரிந்தால் விட்டுவிட வேண்டும். எச்டிடிபிஎஸ் இணைப்புகளை மாற்றி எழுதினால் பயனரை எச்சரித்து, வேண்டாம் என்று ஒதுக்கவும் வழி தர வேண்டும். எல்லாம் நல்ல விதிகள். ஆனால் அந்த ஆவணம் "பரிந்துரை" என்ற முழுத் தகுதிக்குப் போகாமல் குழுவின் குறிப்பு என்ற அளவிலேயே நின்றது. அதற்குள் ஐபோனும் ஆண்ட்ராய்டும் வந்துவிட்டன. கணினிப் பக்கத்தை அப்படியே திறந்து விரலால் பெரிதாக்கிப் பார்க்க முடிந்தது. டிரான்ஸ்கோடரின் முதல் நியாயமே பாதி போய்விட்டது.

இங்கே ஒரு கேள்வி வரலாம். பக்கத்தை நடுவில் மாற்றுவது அவ்வளவு பெரிய குற்றம் என்றால், ஓபரா மினி என்ற பிரவுசரை மட்டும் ஏன் எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்? அதுவும் இதே வேலையைத்தான் செய்தது. நீங்கள் கேட்ட பக்கத்தை ஓபராவின் சர்வர் எடுத்து, சுருக்கி, படங்களைச் சின்னதாக்கி உங்கள் செல்பேசிக்கு அனுப்பும். தமிழ் வாசகர்களுக்கு இதில் தனிக் கடன்பாடே உண்டு. ஜாவா செல்பேசிகளில் தமிழ் எழுத்துரு இருக்காது, தமிழ்த் தளத்தைத் திறந்தால் வெறும் கட்டம் கட்டமாக வரும். ஓபரா மினியின் முகவரிப் பட்டியில் ஓபரா:கான்ஃபிக் என்று தட்டி, சிக்கலான எழுத்துகளுக்குப் படவடிவ எழுத்துரு என்ற அமைப்பை "ஆம்" என்று மாற்றிவிட்டால் போதும். ஓபராவின் சர்வர் தமிழ் எழுத்துகளைப் படமாகவே வரைந்து அனுப்பிவிடும். அந்த ஒரு தந்திரத்தை நண்பருக்கு நண்பர் சொல்லிக் கொடுத்துத்தான் நம்மில் பலர் செல்பேசியில் தமிழ் வலைப்பூக்களைப் படித்தோம். பக்கத்தை இதைவிட அதிகமாக மாற்ற முடியாது, எழுத்தே படமாகிவிட்டது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

காரணம் எளிது. ஓபரா மினியை நிறுவியவர் நீங்கள். வேண்டாம் என்றால் செல்பேசியின் சொந்தப் பிரவுசரைத் திறந்துகொள்ளலாம். தளத்துக்கும் ஓபரா பொய் சொல்லவில்லை. நான் ஓபரா மினி என்று தன் பெயரைச் சொன்னது, எந்தச் செல்பேசியிலிருந்து கேட்கிறார்கள் என்பதைத் தனி ஹெடரில் வைத்து அனுப்பியது. எச்டிடிபிஎஸ் தளங்களும் தன் சர்வரில் பூட்டுத் திறந்துதான் சுருக்கப்படுகின்றன என்பதையும் தன் கேள்வி-பதில் பக்கத்தில் வெளிப்படையாக எழுதியிருந்தது. வோடஃபோன் வலையில் இருந்தவரோ எதையும் நிறுவவில்லை, எதற்கும் சம்மதிக்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சுருக்கும் நுட்பம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இரு முனைக்கும் தெரிந்து நடந்ததா, தெரியாமல் நடந்ததா என்பதில்தான் வேறுபாடு.

நொவாராவின் மிச்சக் கதையும் சுவாரசியமானது. 2010-இல் நோக்கியா அதை வாங்கிக்கொண்டது. அந்த நுட்பம் நோக்கியாவின் விலை குறைந்த செல்பேசிகளுக்கான பிரவுசரில் போய்ச் சேர்ந்தது. 2013 ஜனவரியில் கௌரங் பாண்ட்யா என்ற இந்தியப் பாதுகாப்பு ஆய்வாளர், நோக்கியா ஆஷா செல்பேசியின் எச்டிடிபிஎஸ் போக்குவரத்தும் நோக்கியாவின் சர்வர்களில் திறக்கப்படுகிறது என்று கண்டறிந்து எழுதினார். சுருக்குவதற்காகத் தற்காலிகமாகத் திறக்கிறோம், யாரும் பார்ப்பதில்லை என்று நோக்கியா விளக்கம் தந்தது. ஓபரா செய்ததும் அதேதானே என்று கேட்கலாம். ஆம், ஆனால் ஓபரா முன்பே சொல்லியிருந்தது, நோக்கியா கண்டுபிடிக்கப்பட்ட பிறகு சொன்னது.

திரை பெரிதான பிறகு மாற்றங்கள் நின்றுவிடவில்லை, காரணங்கள் மாறின. ஐரோப்பாவின் சில 3ஜி இணைப்புகளில் டேட்டாவை மிச்சம் பிடிக்க பைட்மொபைல் என்ற நிறுவனத்தின் கருவி ஓடியது. படங்களைத் தரம் குறைத்து அனுப்பிவிட்டு, பக்கத்தில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் துண்டையும் செருகிவிடும். படத்தின் மேல் சுட்டியை வைத்தால் "ஷிஃப்டும் ஆர்-உம் அழுத்தினால் படத்தின் தரம் கூடும்" என்று ஒரு வரி எழும். தளத்தை எழுதியவருக்கே அது எங்கிருந்து வந்தது என்று புரியாது. டாங்கிள் மாட்டிய மடிக்கணினியில் தன் தளத்தைத் திறந்தவர், யாரோ தளத்தை ஹேக் செய்துவிட்டார்கள் என்று பயந்துபோனதும் உண்டு.

அமெரிக்காவில் வெரைசன் வேறொரு திசையில் போனது. 2007-இல் ஒரு ஹெடர் வரியை எடுத்தார்கள் என்றால், வெரைசன் 2012 முதல் ஒரு வரியைச் சேர்த்தது. வாடிக்கையாளரின் செல்பேசியிலிருந்து போகும் பூட்டில்லாத ஒவ்வொரு கோரிக்கையிலும் அவரை அடையாளம் காட்டும் எண் ஒன்று செருகப்பட்டது. நோக்கம் விளம்பரம். தளங்கள் நம்மை நினைவில் வைக்கச் செல்பேசியில் போடும் குறிப்பான குக்கீயை அழித்தாலும் பயன் இல்லை, ஏனென்றால் அது செல்பேசியில் இல்லை, வழியில் ஒட்டப்படுகிறது. 2014 அக்டோபரில் இது பரவலாக வெளியே தெரிந்தது. 2016 மார்ச்சில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 13.5 லட்சம் டாலர் அபராதம் போட்டது. வெரைசன் அளவு நிறுவனத்துக்கு இது சில்லறை.

இனி பெங்களூர். 2015 ஜூனில் தேஜேஷ் ஜி.என். என்ற டெவலப்பர், ஏர்டெல் 3ஜி-யில் தன் சொந்தத் தளத்தைத் திறந்தபோது, பக்கத்தின் மூலநிரலில் தான் எழுதாத ஜாவாஸ்கிரிப்ட் ஒன்று இருப்பதைப் பார்த்தார். அதை ஆதாரத்தோடு, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வெளியிட்டார். அந்த நிரல் இஸ்ரேலின் ஃபிளாஷ் நெட்வொர்க்ஸ் நிறுவனத்துடையது. வாடிக்கையாளர் எவ்வளவு டேட்டா செலவழிக்கிறார் என்பதைக் காட்டுவதற்கான ஏற்பாடு இது, உலகெங்கும் உள்ள நிறுவனங்கள் பயன்படுத்துவதுதான் என்றது ஏர்டெல். இதுவரை வழக்கமான கதை. அதற்குப் பிறகு நடந்ததுதான் பலரையும் கொதிக்க வைத்தது. ஃபிளாஷ் நெட்வொர்க்ஸின் வழக்கறிஞர்கள் தேஜேஷுக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள், எங்கள் நிரலை அனுமதியில்லாமல் வெளியிட்டுவிட்டாய் என்று. கிட்ஹப்புக்கும் காப்புரிமைப் புகார் போனது, அந்தப் பதிவு நீக்கப்பட்டது. அவருடைய பக்கத்தில் கேட்காமல் புகுந்தது அவர்கள் நிரல், அதைச் சுட்டிக்காட்டினால் காப்புரிமை மீறல்! 2008-இல் டெவலப்பர்கள் எழுப்பிய காப்புரிமைக் கேள்வியை அப்படியே திருப்பிப் போட்டார்கள்.

இவற்றுக்கு முடிவு கட்டியது சட்டம் என்று சொல்ல மாட்டேன், வழிகாட்டுதல்களும் இல்லை. எச்டிடிபிஎஸ் எங்கும் பரவியதுதான். முன்பு அது வங்கிக்கும் கடைக்கும் மட்டும் என்று இருந்தது, தளம் உண்மையானது என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழுக்குக் காசு கட்ட வேண்டும், நிறுவுவதும் தலைவலி. 2014-இல் எச்டிடிபிஎஸ் உள்ள தளங்களுக்குத் தேடலில் சற்று முன்னுரிமை என்று கூகுள் அறிவித்தது. 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு எல்லோருக்கும் இலவசச் சான்றிதழ் தரத் தொடங்கியது. 2018 ஜூலையிலிருந்து எச்டிடிபிஎஸ் இல்லாத தளங்களை குரோம் "பாதுகாப்பற்றது" என்று காட்டியது. பூட்டிய பக்கத்துக்குள் ஸ்கிரிப்ட் செருகவும் முடியாது, ஹெடரை மாற்றவும் முடியாது. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது பெரும்பாலும் மொபைல் நிறுவனத்துக்குத் தெரியும், வேகத்தையும் அது குறைக்கலாம், பக்கத்துக்குள் கைவைக்க மட்டும் இயலாது.

நீங்கள் இப்போதுதான் தளம் கட்டக் கற்றுக்கொள்கிறீர்கள் என்றால் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. எச்டிடிபிஎஸ் போடுங்கள், சின்ன வலைப்பூவாக இருந்தாலும் போடுங்கள். நோ-டிரான்ஸ்ஃபார்ம் இன்றும் செத்துவிடவில்லை. மெதுவான இணைப்புகளுக்காகப் பக்கங்களைச் சுருக்கிக் கொடுத்த கூகுளின் வெப் லைட் சேவை இந்தியாவிலும் இருந்தது. 2022-இல் மூடப்படும் வரை, அதிலிருந்து விலக விரும்பிய தளங்கள் செய்ய வேண்டியது இதே வரியைப் போடுவதுதான். கிளவுட்ஃபிளேர் போன்ற சேவைகளை நீங்களே நடுவில் அமர்த்தியிருந்தால், பக்கத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரிகளை அது மறைத்து எழுதுவது போன்ற சில மாற்றங்களை நிறுத்தவும் இந்த வரி உதவும். எச்டிடிபிஎஸ் இல்லாத தளம் ஒன்றில் சந்தேகம் இருந்தால், ஒரே பக்கத்தை வீட்டு பிராட்பேண்டிலும் மொபைல் டேட்டாவிலும் திறந்து, இரண்டின் மூலநிரலையும் சேமித்து ஒப்பிடுங்கள். செருகியது எதுவாக இருந்தாலும் தெரிந்துவிடும்.

யூசர்-ஏஜென்டுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2007-இல் அதை மறைத்ததற்காக அவ்வளவு பெரிய சண்டை நடந்தது. இப்போது குரோமே அதை மறைக்கிறது. 2023 முதல் ஆண்ட்ராய்டு குரோம் எந்தச் செல்பேசியில் இருந்தாலும் "ஆண்ட்ராய்டு 10, கே" என்று ஒரே பாட்டைத்தான் பாடுகிறது. மாடல் பெயர் வரை சொன்னால் ஆளை அடையாளம் கண்டு பின்தொடர்வது எளிதாகிவிடுகிறது என்பது காரணம். டெவலப்பர்கள் பெரிதாகக் கூச்சல் போடவில்லை. திரையின் அகலத்துக்கு ஏற்பத் தானே நெளிந்துகொடுக்கும்படி பக்கத்தை எழுதும் முறை வந்துவிட்டது, மாடல் தெரிந்து ஆக வேண்டியது பெரும்பாலும் ஒன்றுமில்லை. உண்மையிலேயே மாடல் தேவைப்படும் தளம் அதைத் தனியாகக் கேட்கலாம், கிளையன்ட் ஹின்ட்ஸ் என்ற ஏற்பாடு அதற்குத்தான். கேட்டால் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பயனரின் பிரவுசர் முடிவு செய்யும், மொபைல் நிறுவனத்துக்கு அதில் வேலையே இல்லை.